ஏரி எறாவும் ஏரிக் காவலும்

ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பதாகை பிடிக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கரையில் நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் என் கட்சி கொஞ்சம் வேறு. ஏரியில் கிடைத்ததைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துத் தின்றவர்கள் கரையோரம் இருந்தவரை, ஏரிக்குக் கூலிக்கு ஆள் வைத்துக் காவல் போட வேண்டியிருக்கவில்லை. தின்பது நின்றது, கவனிப்பதும் நின்றது. நம் புதுச்சேரியின் ஏரிகளையும் சங்கராபரணியையும் பார்க்கும்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் பாடப் புத்தகத்தில் 'எக்ரெவிஸ்' என்று ஒரு பிராணி அடிக்கடி வரும். சிங்கி எறாவைச் சின்னதாக்கி, நண்டுக்கு இருப்பது போல இரண்டு கொடுக்குகளை முன்னால் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஓடையிலும் ஆற்றிலும் குளத்திலும் பிறந்து, அங்கேயே வாழ்ந்து சாகும்; கடல் பக்கமே போகாது. வேகவைத்தால் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அதனால் வெயிலில் முகம் சிவந்தவனை 'எக்ரெவிஸ் போலச் சிவந்துவிட்டான்' என்பார்கள். காரியம் முன்னேறாமல் பின்னால் போனால் 'எக்ரெவிஸ் நடை' என்பார்கள். பாடம் எடுத்த முசியே 'இறால்' என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இந்தியாவின் ஆறு, ஏரி எதிலும் எக்ரெவிஸ் இயற்கையாகக் கிடையாது. அதன் இடத்தில் நமக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று ஆத்து எறா, இன்னொன்று வயல் நண்டு. புத்தகத்தில் இறால் என்று எழுதினாலும் நம் ஊர் வாயில் அது எறாதானே, நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இதைப் பிடித்த விதம் நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியும். விழுகிற தண்ணீரை எதிர்த்து எறா ஏறும். கலிங்கலின் கீழே கல் இடுக்கில் கைவிட்டால் மாட்டும். வாய்க்கால் மடையில் மாலையில் பறி வைத்துவிட்டு விடியற்காலையில் எடுப்பவர்கள் உண்டு. தண்ணீர் வற்றும் காலத்தில் ஊத்தா கவிழ்ப்பார்கள். இரவில் அரிக்கேன் விளக்கைக் கரையோரம் காட்டினால் எறாவின் கண்கள் சிவப்புப் பொறி போல மின்னும். அதை வைத்தே எத்தனை என்று எண்ணிவிடலாம். நண்டுக்கு வேறு கணக்கு. வரப்பில் வளை வாயில் ஈர மண் உருண்டை உருண்டையாகக் கிடந்தால் உள்ளே நண்டு இருக்கிறது. வாய் வழவழவென்று இருந்தால் கையை விடாதே, பாம்போ எலியோ இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். இந்த வித்தையில் இருளர் குடும்பங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

சமையலும் அப்படித்தான், தெரிந்தவர்கள் செய்ய வேண்டும். ஏரி எறாவுக்கு ஒரு சேற்று வாடை உண்டு. உயிரோடு நல்ல தண்ணீரில் சில மணி நேரம் விட்டு, முதுகு நரம்பை உருவினால் அது போய்விடும். எங்கள் ஆயா சுரைக்காயோடு சேர்த்துக் கூட்டு போலச் செய்வார், கடைசியில் வடகம் தாளிப்பார். வயல் நண்டை அம்மியில் நசுக்கி, சாறு வடிகட்டி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைப்பார். சளிக்கு வீட்டில் அதுதான் முதல் மருந்து. நன்றாகக் கொதிக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருப்பார். அதற்குக் காரணம் உண்டு. நன்னீர் நண்டையும் எக்ரெவிஸையும் அரைவேக்காட்டில் தின்றால் ஒருவகைப் புழு நுரையீரலில் போய்த் தங்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆயா நூல் எதையும் படித்தவர் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பறி வைப்பவன் தினமும் தண்ணீரைப் பார்க்கிறான். தண்ணீரின் நிறம் மாறினால், நுரை வந்தால், எறா கரையேறித் துடித்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். யார் எந்த வாய்க்காலில் எதைக் கொட்டினான் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். அவனுக்குத் தன் வீட்டுக் குழம்பைப் பற்றிய கவலை. அந்தக் கவலைதான் ஏரிக்கும் காவல். ஆண்டுக்கு ஒருமுறை சீசாவில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அதற்கு ஈடாகாது.

நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த அலுவலகத்தில் ஏரி மீன்பாசி ஏலக் கோப்புகள் என் மேஜைக்கு வந்துபோனதுண்டு. ஏரியின் பெயர், பரப்பு, ஏலத்தொகை, குத்தகைக் காலம் என்று கட்டங்கள் இருக்கும். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுவார். முதல் போட்டவர், அவருக்கும் வயிறு இருக்கிறது. ஏரியில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பார். பறி வைக்கப் போன கிழவரும் ஊத்தா எடுத்த பையனும் அன்றிலிருந்து திருடர்கள். கொம்யூனுக்கு வருமானம் வந்தது, தணிக்கையில் கணக்கும் சரியாக இருந்தது. எறாவுக்கும் நண்டுக்கும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத பொருள் குறைந்தால் எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்.

எறா குறைந்ததற்குக் குத்தகை மட்டும் காரணமில்லை. ஆத்து எறாவின் பெரிய வகைகள் நன்னீரில் வாழ்ந்தாலும், அவற்றின் குஞ்சு பொரித்து வளர உப்பு கலந்த கழிமுகத் தண்ணீர் வேண்டும். தாய் எறா முட்டையை வயிற்றடியில் சுமந்துகொண்டு கீழே இறங்கும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஆற்றை எதிர்த்து மேலே ஏறும். சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்கும், தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கும் தண்ணீர் வருகிறதே, அது எறாவுக்கும் பாதை. ஆற்றில் படுகை அணைகள் கட்டினோம். நிலத்தடி நீருக்கு அவை தேவைதான், இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஓரத்தில் சாய்வாக, சொரசொரப்பாக ஒரு சின்னத் தாரை விட்டிருந்தால் எறா ஏறிப் போயிருக்கும். அதைக் கேட்க எறா தின்கிறவன் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

வயல் நண்டின் கதை தனி. ஐ.ஆர். 8 போன்ற நெல் வந்த காலத்தோடு குருணை மருந்தும் தெளிப்பு மருந்தும் வயலுக்கு வந்தன. நண்டு நாற்றை வெட்டும், வரப்பை ஓட்டையாக்கும். விவசாயிக்கு அதன்மேல் கோபம் இருப்பது நியாயமே. முன்பு அந்தக் கோபத்தை ரசம் வைத்துத் தீர்த்துக்கொண்டோம். பிறகு மருந்து போட்டுத் தீர்த்தோம். அதோடு 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை குளம் குளமாகப் பரவிவிட்டது. இன்றைக்கு மார்க்கெட்டில் நாம் வாங்குகிற எறாவில் பெரும்பங்கு பண்ணை வனாமி. அதன் பூர்வீகம் பசிபிக் கடலின் அமெரிக்கக் கரை, நம் நாட்டில் அனுமதி கிடைத்தது 2009இல்.

பிரான்சில் எக்ரெவிஸுக்கு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1860 வாக்கில் ஐரோப்பாவில் ஒரு கொள்ளைநோய் பரவி அங்கிருந்த நாட்டு எக்ரெவிஸ்களை ஆறு ஆறாகக் காலி செய்தது. அந்த நோயைச் சுமந்தும் சாகாமல் இருப்பது அமெரிக்க எக்ரெவிஸ். குறைந்துபோன இடத்தை நிரப்பலாம் என்று அந்த அமெரிக்க வகைகளையே பிறகு கொண்டுவந்து விட்டார்கள். விளைவாக, மிச்சமிருந்த நாட்டு வகையும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். நாட்டு வகையை ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும், ஜூலை நான்காம் சனிக்கிழமையிலிருந்துதான் பிடிக்கலாம். அருகிவிட்ட இடங்களில் முழுத் தடையே உண்டு. ஒருவர் 6 வட்ட வலைக்கு மேல் போடக் கூடாது. பொது நீர்நிலையில் தூண்டில் போட வேண்டுமானால் ஊர்ச் சங்கத்தில் உறுப்பினராகிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சங்கத்தின் சட்டப்படியான பெயரே 'மீன்பிடிப்பு மற்றும் நீர்ச்சூழல் பாதுகாப்புச் சங்கம்'. பிடிக்கிறவனையே காவல்காரனாக்கிவிட்டார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது.

'ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் ஆயிற்றே, அங்கே போய்ப் பறி வைக்கச் சொல்கிறீர்களா?' என்று கேட்பீர்கள். இல்லை. 2008இல் அறிவித்தது நல்ல முடிவு, அங்கே கொக்கும் நாரையும் தின்னட்டும். 'இப்போதைய தண்ணீரில் பிடித்ததைத் தின்னலாமா?' என்று கேட்டால், சாக்கடை சேரும் ஏரியில் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். தின்ன முடியாத அளவுக்குத் தண்ணீரை விட்டது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. தின்ன ஆள் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆள் இருக்கும்.

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உண்டு. 1999இல் ஐரோப்பிய உதவியோடு தொடங்கிய புனரமைப்புத் திட்டத்தில் அத்தனையையும் எடுத்துக்கொண்டு, ஊர்தோறும் ஏரிச் சங்கம் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பாகூர்ப் பக்கம் 'சிண்டிகா அக்ரிகோல்' என்ற விவசாயிகள் சங்கம் ஏரி நீரை நிர்வகித்தது. ஆகவே சங்கம் நமக்குப் புதிதில்லை. என் யோசனை சிறியது. ஏலம் விடுங்கள், ஆனால் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள்: கையாலும் பறியாலும் ஊத்தாவாலும் எறாவும் நண்டும் வீட்டுத் தேவைக்குப் பிடிக்கும் உரிமை அந்த ஊர்க்காரருக்கும் இருளர் குடும்பங்களுக்கும் உண்டு. முட்டை சுமக்கும் எறாவையும், வயிற்று மடிப்பில் குஞ்சு சுமக்கும் நண்டையும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எத்தனை கிடைத்தது என்று ஏரிச் சங்கத்தில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வண்ணமீன் கடைகளில் இப்போது வெளிநாட்டு எக்ரெவிஸை விற்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கியது அலுத்துப்போனால், பாவம் என்று ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். ஐரோப்பா பட்டது போதும்.

பாகூர், வில்லியனூர், திருக்கனூர்ப் பக்கம் இருக்கும் நண்பர்கள் இந்த மழைக்குக் கலிங்கல் வழியும்போது ஒரு நடை போய்ப் பாருங்கள். விழுகிற தண்ணீருக்குக் கீழே கல்லில் எறா ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினாலும் ஏறாவிட்டாலும் உங்கள் ஊர் ஏரிச் சங்கத்தில் போய்ச் சொல்லுங்கள், எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்படியே பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுக்கில் கடிபடாமல் வயல் நண்டைப் பின்னாலிருந்து எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லித்தர நம் வயதுக்காரர்கள்தான் மிச்சம்.