ஆரம்ப இருப்பு எவ்வளவு?

எங்கள் மாகறலில் போர் போடுகிறார்கள் என்றால் தண்ணீருக்குத்தான். செய்யாறு பக்கத்திலேயே இருக்கிறது (வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாக!). எண்ணெய்க்குப் போர் போடுவதெல்லாம் டெல்டா பக்கத்துச் சமாசாரம்.

“நம்ம ஊர்லயும் எண்ணெய் வந்தா நல்லதுதானே மச்சான்? ராயல்டி வரும்ல?” என்றான் காஞ்சிபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட் நண்பன்.

வரும். ஆனால் நிலத்தில் எடுக்கிற எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசின் கஜானாவுக்குப் போகும். நான் பி.காம். வரவைச் சொன்னால் பற்று எங்கே என்று கை தானாகத் தேடும்.

2017 ஜூன் 30. கும்பகோணம் அருகே கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து, வயலில் எண்ணெய் பரவியது. ஜனங்கள் மறித்தார்கள். தடியடி, கைது. குடிதண்ணீரே நிறம் மாறிவிட்டது என்றது ஊர். எங்களால் நிலத்தடி நீர் கெடவில்லை என்றது நிறுவனம். யார் சொல்வது சரி?

அதற்குக் கொஞ்சம் பூமிக்குள் இறங்க வேண்டும். எண்ணெய்க் கிணறு ஆயிரக்கணக்கான மீட்டர் போகும். போகிற வழியில், மேலாக இருக்கும் குடிதண்ணீர் மட்டத்தைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டும் கலக்காமலிருக்க இரும்புக் குழாய், சுற்றிலும் சிமென்ட். அந்த சிமென்ட் விரிசல் விட்டால் வாயு மேலே ஏறி ஊர்க் கிணற்றுக்கு வரலாம். இது போதாதென்று எண்ணெயோடு உப்புத் தண்ணீரும் வரும். கிணற்றுக்கு வயசாக ஆக எண்ணெய் குறையும், தண்ணீர் கூடும். அதைச் சுத்தம் செய்து மறுபடி ஆழத்தில் செலுத்த வேண்டும். வழியில் சிந்தினால் வயல் அவ்வளவுதான். கச்சா எண்ணெயில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. கண்ணுக்குத் தெரியாது, வருஷக்கணக்கில் வேலை செய்யும்.

தண்ணீரின் குணம் லேசாக மாறினாலே காஞ்சிபுரத்துச் சாயக்காரர் கண்டுபிடித்துவிடுவார், பட்டில் சாயம் சரியாகப் பிடிக்காது. வயிற்றுக்குள் போவதற்கு அப்படி யாரும் கியாரண்டி தரவில்லை.

டெல்டாவில் ஒரு கூடுதல் சிக்கல். கடலோரத்தில் நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பு. கிணறு தோண்டியபின் உப்பு ஏறினால், “அது கடல் உப்புங்க” என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இல்லையென்று காட்ட, தோண்டுவதற்கு முன்னால் எடுத்த தண்ணீர் ரிப்போர்ட் ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும். ஆரம்ப இருப்பே எழுதாமல் கடைசியில் நஷ்டம் என்றால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

2017 பிப்ரவரியில் நெடுவாசல்காரர்கள் திட்டம் தொடங்குவதற்கு முன்பே பந்தல் போட்டு உட்கார்ந்ததில் நல்ல கணக்குப்பிள்ளையின் புத்தி இருக்கிறது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதுக் கிணறுகளுக்குத்தான் தடை, பழையவை நடக்கலாம்.

“அப்ப பழைய கிணத்துப் பக்கத்துல இருக்கிறவங்க?” என்றான் நண்பன், இறங்க எழுந்துகொண்டே.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாள் யாராவது அவர்கள் குடிதண்ணீரைச் சோதித்து, உப்பு இவ்வளவு, பென்சீன் இவ்வளவு என்று ஊராட்சி வாசலில் தமிழில் எழுதிப் போடட்டும். ரேஷன் கடை போர்டு மாதிரி. அங்கே சர்க்கரை தீர்ந்துபோனதாவது நமக்குத் தெரிந்துவிடுகிறதே!