கயிறு பிடிப்பவர் யார்?

திருக்கேதீச்சரத் தரிசனத்தை முடித்துக்கொண்டு தாம்போதி வழியாக மன்னார்த் தீவினுள் நுழைவோருக்கு முன்பெல்லாம் முதலிற் கண்ணிற் படுவன கோட்டையும் அதற்கப்பால் நிற்கும் பனைகளுமே. இன்றோ அவை யாவற்றுக்கும் மேலாகத் தலைநீட்டி நிற்பவை கைத்தொலைபேசிக் கோபுரங்கள். போதாக்குறைக்கு, 2020 ஆம் ஆண்டிலே தென்கரையில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளும் சேர்ந்துகொண்டன. இவற்றில் எவரோ ஏறுகிறார், இறங்குகிறார் என்ற நினைவு நமக்கு எழுவதே இல்லை. எமக்கும் எழுந்ததில்லை, சென்ற மாதம் வரை.

சென்ற மாதம் எமது பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கோபுர வேலைக்குப் போகிறானாம். பெரிய கம்பனிக்கு ஒப்பந்தக்காரர். அவருக்குக் கீழே இன்னொருவர். அவருக்கும் கீழே நாட்சம்பளத்துக்கு நம்மவன்.

“எவ்வளவு உயரம், தம்பி?” என்றோம்.

“நாப்பது, அம்பது மீற்றர் வரும், சேர்.”

“இடுப்புக்குப் பட்டி ஏதும் தருகிறார்களா?”

“கிடக்கு, சேர். மேலிடத்து ஆக்கள் பார்க்க வாற நாளிலை போடுவம். மற்ற நாளிலை போட்டால் வேலை ஓடாது.”

“பயிற்சி?”

“முதல் நாள் ஒரு தாள் தந்தவை. கையெழுத்து வைச்சனான்.”

“அதில் என்ன எழுதியிருந்தது?”

அவன் சிரித்தான். “இங்கிலிசு, சேர்.”

இந்தப் பிள்ளைக்குப் பௌதிகம் படிப்பித்தவர்கள் நாம். விழும் பொருளின் கணக்கை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்போம்! ஆனால் எமது கணக்கில் விழுந்தது எப்போதும் ஒரு கல்லாகவே இருந்தது. அன்றிரவு அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தோம். 40 மீற்றர் உயரத்திலிருந்து தவறுபவன் 3 செக்கன் நிறையுமுன் நிலத்தை அடைகிறான். அப்போது அவன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். 2 மீற்றர் உயரத்திலிருந்து தவறினாலும் ஒரு செக்கன் முழுதாகக் கிடையாது. விழத் தொடங்கியபின் யோசிப்பதற்கு அவகாசமில்லை. யோசனை எல்லாம் ஏறுமுன்னரே முடிந்திருக்க வேண்டும். பயிற்சி என்பதும் அதற்காகத்தான்.

அப்பயிற்சியில் என்ன இருக்கிறது என்று சிறிது தேடிப் படித்தோம். இடுப்பை மாத்திரம் சுற்றும் பட்டி விழுவோனைத் தாங்குவதற்கு உகந்ததன்று. திடீரென இழுபடும்போது வயிறும் முதுகெலும்பும் சிதையக்கூடும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் முழுக்கச்சையே வேண்டும். அதிலிருந்து இரண்டு கயிறுகள், நுனியில் கொளுக்கிகள். ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்வரை மற்றது மாட்டியபடியே இருக்கவேண்டும். ஏறுகிறவன் ஒரு நொடியும் கட்டின்றி நிற்கலாகாது என்பதே விதி. எங்கே மாட்டுவது என்பதும் கணக்குத்தான். கொளுக்கியைத் தலைக்கு மேலே மாட்டியவன் தவறினால் சிறிது தூரமே விழுவான். கால்மட்டத்தில் மாட்டியவனோ கயிற்றின் நீளத்தைப்போல் இருமடங்கு விழுந்து, அதிர்ச்சி தாங்கும் பகுதியும் விரிந்து நீண்டபின்பே நிற்பான். நிலத்துக்கு அண்மையில் இப்படி மாட்டியவனுக்குக் கச்சை இருந்தும் பயனில்லை.

இவ்வளவும் ஒரு நாளிற் கற்பிக்கக் கூடியவை. எமக்கு வியப்பளித்தது இதற்கு அடுத்த பாடம். கச்சை தாங்கிவிட்டது, ஆள் அந்தரத்தில் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். பிழைத்தான் என்று நாம் கைதட்டிவிடுவோம். ஆனால் அசைவின்றித் தொங்குபவனின் இரத்தம் கால்களிலே தேங்குகிறது, மயக்கம் வருகிறது, அரை மணித்தியாலத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆஸ்பத்திரி வண்டி கோபுரத்தடிக்கு வரும், கோபுரத்தில் ஏறாது. ஆகவே மேலே ஒருவன் ஏறும்போது, அவனை இறக்கத் தெரிந்த இன்னொருவன், அதற்குரிய கயிறும் கப்பியும் கைவசமுள்ளவனாய், அவ்விடத்திலேயே நிற்கவேண்டும். எமது மாணவனிடம் இதைக் கேட்டபோது, “கீழை ஒருத்தர் நிப்பார், சேர், சாமான் கட்டி அனுப்ப” என்றான்.

மன்னார்க் கடலோரத்தாருக்கு இது புதிய பாடமா என்ன? அரிப்பு, மறிச்சுக்கட்டிப் பக்கங்களில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். குளிப்பவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கல்லைப் பங்கிட்டுக்கொள்வர். ஒருவர் இறங்க, மற்றவர் இளைப்பாறுவர். கல்லிற் கால் வைத்து இறங்குபவனின் கயிற்றை வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். அடியிலிருந்து ஒரு சுண்டு வந்தால் இழுக்கவேண்டும். அதைத் தவிர அவனுக்கு அந்நேரம் வேறு வேலை கிடையாது. அந்தக் கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பார்கள், உடன்பிறந்தாளின் தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா, என்று ஒரு கதை வழங்குகிறது. சரித்திரமோ கட்டுக்கதையோ, கயிறு பிடிப்பவனை எப்படித் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எம்மால் இயலாது. சுறாவின் வாயைக் கட்டும் ‘கடல்கட்டி’ ஒருவரையும் அன்றைய வெள்ளைக்கார அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததாக எமேர்சன் ரெனன்ட் 1859 இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். மந்திரத்திலே துரைமாருக்கு நம்பிக்கை இருந்திராது. அவர் இல்லாமல் குளிப்போர் கடலில் இறங்கமாட்டார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளி கால்வைக்க மறுத்தமையால் ஏற்பட்ட பாதுகாப்புச் செலவு அது!

இன்று மறுப்பதற்கு யாருக்குத் துணிவு? சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை மன்னார்க் காற்று எப்படிப்பட்டது என்பதைக் காற்றாலைக்கு இந்தக் கரையைத் தேர்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். உப்புக்காற்று ஆணிகளையும் ஏணிப் படிகளையும் அரிக்கிறது. இடி முழங்கும் மாலைகளில் ஊரிலே உயர்ந்த இரும்பு அந்தக் கோபுரமே. “இன்றைக்கு ஏறமாட்டேன்” என்று சொல்லும் உரிமை பயிற்சியின் முதற்பாடமாக இருக்கவேண்டும். நாட்சம்பளக்காரன் அதைச் சொன்னால் நாளைக்கு வேறொருவன் ஏறுவான்.

இது நம்மூர்க் குறை மாத்திரமன்று. அமெரிக்காவில் 2013 ஆம் ஆண்டில் மட்டும் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் 13 தொழிலாளர் இறந்தனர். அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு நிருவாகம் அடுத்த ஆண்டு தொழில் நடத்துவோருக்கு நேரே கடிதம் எழுதி எச்சரித்தது. செல்வமும் சட்டமும் நிறைந்த நாட்டிலேயே அந்நிலை. நம் நாட்டிலே 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இருக்கிறது. பெயரே சொல்வதுபோல், தொழிற்சாலையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் விழுந்தபின் வருவது. தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென ஒரு தேசிய நிறுவகத்தை நிறுவ 2009 இல் 38 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பயிற்சி அதன் பணிகளுள் ஒன்று. தலைமன்னார்ப் பனங்காணிக்கு நடுவே நிற்கும் கோபுரத்தடிக்கு, தமிழிலே, அப்பயிற்சி வந்துசேரவேண்டும் என்பதே எமது கேள்வி.

இடையில் ஒன்று. கோபுரம் எழுந்தால் கதிர்வீச்சு வரும் என்று ஊரார் கூடி மனுக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். கீழே நிற்பவருக்கு எட்டும் வானொலி அலை பொதுவாகச் சர்வதேச வரம்புகளுக்கு மிகவும் குறைந்ததே. மெய்யாகவே அஞ்சவேண்டியவன் இயங்கும் அன்டெனாவுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நின்று வேலை செய்பவன். அது உடலிழையைச் சூடாக்கும். ஆதலால் மின்வலுவைத் தணித்த பின்னரே அவன் நெருங்கவேண்டும். அவனுக்காக எவரும் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மாணவன் அடுத்த ஞாயிறு அந்தத் தாளைக் கொண்டுவந்தான். திண்ணையில் இருந்து வரிவரியாகத் தமிழாக்கினோம். மோசமான தாளென்று சொல்லமுடியாது; முழுக்கச்சை, இரட்டைக் கயிறு, காற்று, இடி எல்லாமே அதில் இருந்தன. அவன் ஒவ்வொன்றுக்கும் “இது சரிதான், சேர்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு வெறுமையாகக் கிடந்தது. மீட்பதற்குக் கீழே நிற்பவரின் பெயரை அதில் எழுதவேண்டும் என்றோம். அவன் பேனையை எடுத்தான். பிறகு, “ஆருடைய பேரை எழுதுறது, சேர்?” என்று கேட்டான்.