பழைய லேப்டாப்: தேத்தலாமா, புதுசு வாங்கலாமா? கம்பம், தேனிக்காரங்க முதல்ல பார்க்க வேண்டியது இதுதான்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. அன்றிலிருந்து, பழைய கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே குழப்பம்: 'இதையே தேத்தலாமா, புதுசு வாங்கிடலாமா?'

நாம் பெரும்பாலும் வேகத்தைப் பார்த்துதான் முடிவெடுக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது வயதை!

ஸ்லோ ஆனா செத்துப்போச்சுனு அர்த்தமா?

இல்லை. திராட்சைப் பந்தலில் கம்பி தொய்ந்தால் இழுத்துக் கட்டுவோம். கொடியையே வெட்ட மாட்டோம்ல? பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே, கணினி ஆன் ஆகும் நேரம் வெகுவாகக் குறையும். 4 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்கினால் இன்னும் நல்லது. ஆனால், சில மாடல்களில் ரேம் போர்டோடு சேர்ந்தே இருக்கும். கூட்ட முடியாது, கேட்டுக்கோங்க.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிராசஸர் பெயரைப் பாருங்கள். 'ஐ5-7200யூ' என்றால் 7-வது தலைமுறை. இன்டெலில் பொதுவாக 8-வது தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011-ல். அந்தத் தொடக்க கால லேப்டாப்கள் இதில் தேறாது.

அப்போ என்ன செய்யலாம்?

விண்டோஸ் 11 ஓடும் கணினியா? எஸ்எஸ்டி போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

ஓடாதா? பிள்ளைகள் படிக்க, டைப் பண்ண, வீடியோ பார்க்க மட்டும்தான் என்றால், இலவசமான லினக்ஸ் மின்ட் போதும். நம்ம சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கு.

ஆனால், ஏலக்காய் வியாபாரக் கணக்கு, ஜிஎஸ்டி, நெட் பேங்கிங் எல்லாம் விண்டோஸில்தான் பார்க்கிறீர்கள் என்றால் புதுசு வாங்குவதே சரி. பிரவுசிங் சென்டருக்கு இது இன்னும் முக்கியம். அங்கே வாடிக்கையாளரின் ஆதார், வங்கி விவரமும் அதே கணினியில்தானே போகுது? பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் மிச்சம் பிடிக்கும் பணம், ஒரே மோசடியில் போய்விடலாம்.

பழசுக்குப் போட்ட எஸ்எஸ்டி வீணாகாது. ஒரு கேஸ் வாங்கி, யுஎஸ்பி டிரைவாக வைத்துக்கொள்ளலாம். பழைய ரேமோ புதுசில் பெரும்பாலும் பொருந்தாது. அதனால் வயசான கணினியில் ரேமுக்குக் காசு கொட்டாதீங்க.

கடைக்குப் போனதும் 'ஈஎம்ஐ எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். 'என் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஓடுமா?' என்று முதலில் கேளுங்கள்.