கைதட்டல் ஓட்டு ஆகாது

ஃப்ளாட் சங்கமோ, சபாவோ, ஜெனரல் பாடி மீட்டிங் என்றால் இப்படித்தான். ஒருவர் எழுந்து ஏழு பெயர்களை மூச்சு விடாமல் வாசிப்பார். 'எல்லாருக்கும் சம்மதம்தானே?' கைதட்டல். 'ஏகமனதாகத் தேர்வு!' அப்புறம் காபி, போண்டா.

இதற்குப் பெயர் தேர்தலா? அந்த ஏழு பேரில் ஒருவர் ஒழுங்காகக் கணக்கே காட்டாதவர் என்றால், அவரை மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

லாபத்துக்கு நடக்கும் கம்பெனிகளுக்கே இதில் கடிவாளம் உண்டு. 2013 கம்பெனிகள் சட்டம், 162-வது பிரிவு: பப்ளிக் லிமிடெட் கம்பெனியின் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு டைரக்டருக்கும் தனித் தீர்மானம் வேண்டும். மொத்தமாகப் போடலாமா என்று முதலில் கேட்டு, எதிராக ஓர் ஓட்டுகூட விழாவிட்டால்தான் விதிவிலக்கு. மீறினால், அங்கே யாரும் வாயே திறக்காவிட்டாலும் தீர்மானம் செல்லாது! 1956 சட்டத்திலேயே இருந்த விதி இது.

'சங்கத்துக்கு இது பொருந்தாதே சார்?' பொருந்தாதுதான். பைலாவில் சேர்த்துக்கொள்ள யார் தடுத்தார்கள்? ஒவ்வொரு பெயருக்கும் தனி ஓட்டு. ரகசியச் சீட்டு. எண்ணுவதற்குப் போட்டியிடாத ஒருவர். செலவு, கொஞ்சம் பேப்பர்.

'வீண் பகை வரும்' என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் பார்க்கக் கை தூக்கினால்தான் பகை. மடித்த சீட்டில் ஏது பகை?

மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுவது நீங்கள். அடுத்த முறை பட்டியல் வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து, 'ஒவ்வொரு பேரா ஓட்டுக்கு விடுங்க' என்று கேளுங்கள்.