சோம்பல் அன்று, சோகை



சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் மேசையில் தலை சாய்த்துக் கொள்வான். "இரவு முழுவதும் தொலைக்காட்சி பார்த்தாயா?" என்று கடிந்து, அவனை எழுந்து நிற்க வைத்தேன். அவன் முகம் வெளுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்று அதை எண்ணும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. ஏனெனில், அதே வயதில் நானும் அப்படித்தான் மேசையில் சாய்ந்து கிடந்தேன். நானும் அதே சொற்களைக் கேட்டவள்தான்.

நான் தோட்டப்புறத்தில் பிறந்தவள். படி ஏறினால் மூச்சு வாங்கும்; கண்களில் இலேசான மஞ்சள் நிறம் எப்போதும் இருக்கும். தோட்டத்து டிரசர், "இரத்தம் குறைவு" என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அம்மா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். பின்னாளில் பட்டணத்துக் கிளினிக்குகளிலும் அதே மாத்திரைதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விழுங்கினேன். ஹீமோகுளோபின் அளவு எட்டுக்கு மேல் ஏறவே இல்லை. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை போலும்" என்று பழியும் என்மீதே விழுந்தது.

முப்பத்து நான்காம் வயதில், ஓர் இளம் மருத்துவர்தாம் முதன்முதலில் வேறு கேள்வி கேட்டார்: "உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் இப்படி உண்டா?" அதன்பின் எடுத்த பரிசோதனைகளில் உண்மை வெளிப்பட்டது. எனக்கு இருந்தது தலசீமியா. அதில் இடைநிலை வகை. உடலில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. மாறாக, கல்லீரலில் அது தேங்கத் தொடங்கியிருந்தது.

இதனை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுக்கும். தலசீமியாவிலும் அவ்வாறே சிறுத்து வெளுக்கும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆனால், முன்னது உணவுக் குறையாலோ இரத்த இழப்பாலோ வருவது. பின்னது ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவிலேயே உள்ள குறை. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும், ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனையும் பெரும்பாலும் இவற்றை வேறுபடுத்திவிடும். சிலருக்கு மரபணுப் பரிசோதனையும் தேவைப்படும். என்னைப் போன்றவர்களின் குடல், தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிக்கொள்கிறது. அதன்மேல் மாத்திரையும் சேர்ந்தால் என்னவாகும்? கிணறு நிறைந்திருக்க, தண்ணீர் வண்டியை வரவழைத்த கதைதான்.

இப்போது ஃபோலிக் அமிலமும், தேங்கிய இரும்பை வெளியேற்றும் மருந்தும் உட்கொள்கிறேன். உணவோடு தேநீர் அருந்துகிறேன். அது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சோர்வு முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும், அது என் குணக்கேடு அன்று என்று தெரிந்ததே பாதி மருந்தாயிற்று.

இந்நோய் எங்கிருந்து வந்தது? என் பெற்றோர் இருவரும் நோயாளிகள் அல்லர்; குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமந்த கடத்திகள். கடத்திகள் பெரும்பாலும் எந்தத் துன்பமுமின்றி வாழ்வர். ஆனால், பீட்டா தலசீமியாக் கடத்திகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடும், கடத்தியாகப் பிறக்க 50 விழுக்காடும் வாய்ப்பு உண்டு. கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். நாம் சாதகத்தை விரித்துப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஒரு குழாய் இரத்தத்தைப் பார்க்கத் தயங்குகிறோம்.

நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2004-ஆம் ஆண்டில் தலசீமியாத் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2016-இல் படிவம் நான்கு மாணவர்களுக்குப் பள்ளிகளிலேயே பரிசோதனை செய்யும் ஏற்பாடும் வந்தது. அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அந்தப் பாரத்தில் கையொப்பமிட மறுக்கும் பெற்றோரை நான் அறிவேன். "பெண் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்கின்றனர். என் தங்கையின் திருமணப் பேச்சு நடந்தபோது, "உன் நோயைப் பற்றி வாய் திறக்காதே" என்று என் அம்மாவே கேட்டுக்கொண்டார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், அதனை நான் ஏற்கவில்லை. கடத்தி என்பதால் ஒருவர் திருமணம் செய்யக் கூடாது என்பதில்லை. இருவரும் கடத்திகளா என்று முன்கூட்டியே அறிந்து, மருத்துவரிடம் ஆலோசனை பெற்று முடிவெடுக்கலாம் என்பதே பொருள். மறைத்தால் அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காது. தங்கை அம்மாவின் பேச்சைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் தானே சொன்னாள். அவரும் பரிசோதனை செய்துகொண்டார். திருமணம் இனிதே நடந்தது.

நம் பிள்ளைகள் படிவம் நான்கை அடையும்போது தமிழ்ப்பள்ளியை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும், பெற்றோர் நம்மோடு மனம் திறந்து பேசுவது ஆறாம் ஆண்டு வரையில்தான். ஆகவே, இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை நமக்கும் உண்டு என்பது என் கருத்து.

ஆசிரியர்களே, ஒரு பிள்ளை தொடர்ந்து சோர்ந்து, வெளுத்திருந்தால், தண்டிப்பதற்கு முன் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பெற்றோரே, இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் பலன் தராவிடில், "ஃபெரிட்டின் பார்த்தீர்களா? தலசீமியா இருக்குமா?" என்று மருத்துவரிடம் பணிவோடு, ஆனால் விடாமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. என் வீட்டில் அக்கேள்வியை யாரும் கேட்காததால் இருபது ஆண்டுகள் கழிந்தன.

அந்த மாணவனுக்கு என்ன குறை இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவே இல்லை. அடுத்த பிள்ளையிடமாவது கேட்போம்.