கப்பல் பயணமும் நம் கமிஷனும்

2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டது முதல், நம் வியாபாரிகளுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. "ஏஜெண்டு எதற்கு? கம்பெனியில் நேராகப் பதிவு செய்தால் கமிஷன் மிச்சம்" என்கிறார்கள்.

மிச்சமாகாது. கமிஷன் கொடுப்பது கப்பல் கம்பெனி. பெரும்பாலும் இரண்டு வழியிலும் கட்டணம் ஒன்றே. ஏஜெண்டு மூலம் பதிந்தால் தேதி மாற்றவும் ரத்து செய்யவும் அவரிடமே போகவேண்டும், அது குறை. எந்தத் தளத்தில் அறை, துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்ததா என்று விவரம் சொல்ல ஆள் இருப்பது நிறை.

ஆகவே விசாரித்து, முறையாக ரசீது தரும் உள்ளூர் ஏஜெண்டிடமே போங்கள். வாடிக்கையாளர் நம்மைத் தாண்டிக் கம்பெனியிடம் நேராக வாங்கினால் நம் வயிறு எரிகிறதே! நாமும் இடையில் நிற்கும் வியாபாரிகள்தானே?