உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு: புற்றுநோயின் அறிகுறியா? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றாலே இப்போது பேச்சு ஊசியைப் பற்றித்தான். சரி, அந்தச் சிறுமியின் அம்மாவுக்கு என்ன வழி?

அவர் வயதுக்கு ஊசியைவிட பரிசோதனைதான் முக்கியம். கூடவே ஓர் அறிகுறியையும் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதுதான் உடலுறவுக்குப் பிறகு வரும் ரத்தக்கசிவு.

புருஷனிடம்கூட சொல்லக் கூச்சப்படுற விஷயம் இது. சொன்னாலும், "உடம்பு சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்ற பதில்தான் வீட்டில் கிடைக்கும். அப்படியே மாதக்கணக்கில் தள்ளிப்போய்விடுகிறது.

ரத்தம் ஏன் வருகிறது?

முதலில் ஓர் ஆறுதல்: பெரும்பாலும் இதற்குக் காரணம் புற்றுநோய் இல்லை.

மாதவிடாய் நின்றவர்களுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டுபோகும். அதனால் உரசலில் கசிவு வரலாம். கருப்பைவாயில் வளரும் சிறிய சதை, அதாவது பாலிப், இன்னொரு காரணம். கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகளும் உண்டு. தொற்று என்றால் மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை, கணவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

ரிப்போர்ட்டில் 'செர்விகல் எரோஷன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து பயந்துபோகிறவர்கள் ஏராளம். பெயர்தான் அப்படி, அது புண்ணே இல்லை. கருப்பைவாயின் உள்பக்க மென்மையான செல்கள் வெளிப்பக்கத்திலும் பரவியிருக்கும், தொட்டால் லேசாக ரத்தம் கசியும், அவ்வளவுதான். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இது சகஜம். இதற்காகக் கருப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

பின் ஏன் பரிசோதனை?

கருப்பைவாய்ப் புற்றுநோயும் இதே அறிகுறியோடு வரும் என்பதால்தான். வெளியிலிருந்து பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. 2022-ல் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்பது சர்வதேச மதிப்பீடு. எச்.பி.வி. தொற்று புற்றுநோயாக மாற பல ஆண்டுகள் ஆகும். கண்டுபிடிக்க அவ்வளவு அவகாசம் இருந்தும் இத்தனை மரணங்கள்!

அந்த அவகாசத்தைப் பயன்படுத்த முடியும் என்று நிரூபித்ததே நம் பக்கத்து மாவட்டம்தான். 2000-ல் திண்டுக்கல் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். கோளாறான இடம் வெள்ளையாக மாறும். ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனையால் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பிறகு தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் அரசு சோதனை முறையில் தொடங்கிய திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது.

ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30-49 வயதில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். இந்திய அளவில் வெறும் 1.9 சதவீதம். நாம் முன்னிலையில் இருப்பது உண்மைதான். ஆனால் நூற்றில் தொண்ணூறு பேர் இன்னும் போகவில்லை என்பதும் உண்மை.

எங்கே, எப்போது?

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையிலோ, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் காட்டலாம். சதைப் பரிசோதனை தேவைப்பட்டால், காவிரிப் பாலம் தாண்டி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரே முறை என்றாலும் காட்டிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தலைசுற்றினாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். போன வருஷம் பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்திருந்தாலும், கசிவு தொடர்ந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் "வெள்ளைப்படுது" என்று சுற்றி வளைக்காமல், "சேர்ந்து இருந்த பிறகு ரத்தம் வருது" என்றே சொல்லிவிடுங்கள். கடைசி மாதவிடாய் தேதி, காப்பர்-டி போட்டிருக்கிறீர்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால், 104 சுகாதார உதவி எண்ணில் முதலில் பேசலாம்.